நுனி

இந்த இதழுக்குக் கவிதையைப் பற்றி ஏதாவது எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு பதினொரு மாதங்கள் ஆகிவிட்டன. எழுதவில்லை. அந்த மாதங்களில் நான் சிரத்தையோடு செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: உறை போட்ட பின்னல் நூலை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, நுனியில் கொஞ்சம் உறையை உரித்து, முள் கட்டி, கெண்டை மீனுக்குத் தூண்டில் தயாரித்தது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளலாம். அவருக்கு மீன் பிடிக்கவும் தெரியாது, தின்னவும் பிடிக்காது.

முதலில் அந்த நூலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது மீட்டர் கொண்ட சிறிய சுருள். களிமண் நிறம். தொட்டால் மெல்லிய மின்கம்பி போல விறைப்பாக இருக்கும். மேலே இருப்பது பிளாஸ்டிக் உறை. உள்ளே இருப்பது டைனீமா என்ற வியாபாரப் பெயர் கொண்ட இழைகளின் பின்னல். காய்கறிக் கடைகளில் பை பையாகத் தந்துகொண்டிருந்தார்களே, அந்தப் பாலிதீனின் ஜாதிதான் இதுவும். மூலக்கூறுச் சங்கிலிகளை மிக நீளமாக வளர்த்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் இழுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஹாலந்துக்காரர்கள் செய்த வேலை. எடைக்கு எடை பார்த்தால் எஃகு இதன் முன் நிற்காது. தண்ணீரைவிட லேசானதால் தனியே விட்டால் மிதக்கும். உறைதான் இதை முழுக வைக்கிறது.

உறை எதற்கு என்பதுதான் விஷயம். பின்னல் நூல் தலைமயிரைப் போல மெத்தென்றிருப்பது. ஈயக்குண்டைக் கட்டி அறுபது எழுபது கஜம் வீசினால் அது காற்றில் துவண்டு, தன்னையும் குண்டையும் சுற்றிக்கொண்டு, முடிச்சு மூட்டையாகத் தண்ணீரில் விழும். மீன் வந்து பார்ப்பது ஒரு குப்பை உருண்டையை. உறை இருந்தால் நூல் விறைப்பாக நின்று குண்டைவிட்டு விலகி விழுகிறது. ஆனால் முழுக்க விறைப்பாக இருந்தாலும் உதவாது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. அது இரையைக் கடிப்பதில்லை. உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் ஊதித் துப்பும். ஒரு நிமிஷத்தில் பலமுறை இதைச் செய்யும். முள்ளுக்குப் பக்கத்தில் நூல் விறைப்பாக இருந்தால் இரை பக்கத்தில் கிடக்கும் மற்ற உருண்டைகளைப் போல அசையாது. அது கெண்டைக்குப் போதும். ஆகவே ஒரு சாண் நூலில் பெரும்பகுதிக்கு உறை இருக்கவேண்டும். முள்ளின் கண்ணுக்குக் கீழே ஓர் அங்குலத்தில் மட்டும் இருக்கக்கூடாது.

இந்த ஓர் அங்குலத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயக் கிழவர். என் மகள் நார்தாம்ப்டன் பக்கம் குடியிருக்கிறாள். 2017இல் பேரன் பிறந்தபோது நானும் மனைவியும் ஐந்து மாதம் அங்கே இருந்தோம். வீடு குழந்தையின் ராஜ்யமாகிவிட்டது. எனக்குப் போக்கிடம் நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு குட்டைதான். பச்சைக் கூடாரம் போட்டு, டீ போட அடுப்பு வைத்துக்கொண்டு, இரண்டு நாள் மூன்று நாள் என்று அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கிழவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசியது அவருக்கு முழுக்கவே புரியவில்லை. கைக்குக் கை பாடம் நடந்தது.

கத்தியை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கத்தி பட்டால் உள்ளே இருக்கும் இழை ஒன்றிரண்டு வெட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது, பெரிய மீன் வரும்போது தெரியும். கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரல் நகத்தையும் சேர்த்து உறையை ஒரு வட்டமாக அழுத்த வேண்டும். வெண்மையாக ஒரு கோடு விழும். பிறகு இழுத்தால் பாம்புச் சட்டை போல உறை கழன்று வரும். உள்ளே பின்னல் தெரியும், கொஞ்சம் பிசிறாக, அநேகமாக நிர்வாணமாக. முதல் தடவை எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பல்லால் உரிப்பவர்களும் உண்டு. கிழவருக்கு அது பிடிக்காது.

உரித்த நுனியில் ஒரு சிறு கண்ணி போடவேண்டும். இரை அதில் தொங்கும். முள்ளில் இரையைக் குத்துவதில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1970களின் கடைசியில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கண்ணாடித் தொட்டியில் கெண்டையை வைத்து அது இரையெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரைக்குள் முள்ளை ஒளித்து வைத்தால் மீன் கண்டுகொள்கிறது. முள்ளை வெளிப்படையாக விட்டுவிட்டு, ஒரு தலைமயிரில் இரையைக் கட்டி முள்ளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். மீன் இரையை உறிஞ்சியது. கூடவே முள்ளும் போனது. இன்றைக்கு மயிர் கிடையாது, நூலின் நுனிதான் அந்த வேலையைச் செய்கிறது. பெயர் மட்டும் மயிர் என்றே நின்றுவிட்டது. அந்த நுனியை விட்டு, நூலை முள்ளின் தண்டில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, முள்ளின் கண் வழியாகப் பின்பக்கமிருந்து திரும்ப எடுத்துவிட்டால் கட்டு முடிந்தது. முடிச்சு என்று எதுவும் போடவில்லை. இழுக்க இழுக்க இறுகும். முடிச்சில்லாத முடிச்சு என்றுதான் அங்கே பெயர். நம்மில் யாராவது ஒருவர் தம் தொகுப்புக்கு வைத்திருக்கக்கூடிய தலைப்பு.

கடைசியில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதன் மூக்கிலிருந்து வரும் ஆவியில் நூலைக் காட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்கவேண்டும். சுருளில் கிடந்த வளைவெல்லாம் போய் நூல் நேராகிவிடும். ஆறிய பிறகும் அப்படியே நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. ஆவி, சூடு, இழுத்துப் பிடித்த நூல்.

அப்பா சோமனூரில் ஒரு சைசிங்கில் வேலை பார்த்தார். கோவைக்குக் கிழக்கே அந்தப் பக்கமெல்லாம் விசைத்தறி. தறியில் ஏறும் பாவு நூல் நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இழுபடும், உரசும். வெறும் பருத்தி நூல் தாங்காது; பிசிறு கிளம்பி அறுந்துபோகும். அதனால் பாவுக்குக் கஞ்சி ஏற்றவேண்டும். கைத்தறிக்காரர்கள் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தடவி, பிரஷ் போட்டு வருடிக்கொண்டு நடப்பார்கள். சைசிங்கில் அதையே மெஷின் செய்கிறது. ஆயிரக்கணக்கான இழைகள் தாள் போல விரிந்து கஞ்சித் தொட்டியில் முங்கி, உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு, நீராவி ஏற்றிய பெரிய உருளைகளின் மேல் ஓடிக் காய்ந்து, பீமில் சுற்றிக்கொள்ளும். மரவள்ளி மாவுக் கஞ்சி, இளக்கத்துக்குக் கொழுப்பு. அந்த வாடை அப்பாவின் சட்டையில், தலையணையில், டிபன் கேரியரில் இருக்கும். என் நோட்டுப் புத்தகங்களில்கூட இருந்ததாக ஒரு வாத்தியார் சொன்னார்.

அப்பா ஓடுகிற பாவை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். தொடுவது என்றால் ஒரு கணம்தான். "கஞ்சி நூலுக்குள்ள பாதி போகோணும், மேல பாதி நிக்கோணும் கண்ணு. எல்லாம் மேலயே நின்னுதுன்னா தறியில தூளாக் கொட்டீரும். எல்லாம் உள்ள போச்சுன்னா நூலு குச்சியாட்ட ஒடிஞ்சு போகும்." இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் படித்தது ஐந்தாவது வரை. அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய கஞ்சியைத் துணி நெய்து முடிந்ததும் சலவைப் பட்டறையில் ஊறவைத்துப் போக்கிவிடுவார்கள். அப்பா செய்த வேலையில் ஒரு துளிகூட எந்தச் சட்டையிலும் மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரம் குளத்துக்கு மீன் பிடிக்கப் போவார். நொய்யலிலிருந்து தண்ணீர் வரும் குளம். மூங்கில் கம்பு, தங்கூஸ், மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு. சில நாள் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை. பிடிக்கிற மீன் அன்றைக்கு மத்தியானம் குழம்பு. பிடிக்காவிட்டால் கொள்ளுப் பருப்பு. இதில் பொழுதுபோக்கு என்று சொல்ல அதிகம் இல்லை. 1974இல், எனக்குப் பதினோரு வயது, அவருடைய தங்கூஸைத் தொடக்கூடாது என்பதால் சைசிங்கிலிருந்து வந்த கழிவு நூலை எட்டிழை பத்திழை சேர்த்து முறுக்கி என் தூண்டிலுக்குக் கட்டினேன். காய்ந்திருந்தபோது ஜோராக விறைப்பாக நின்றது. தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கஞ்சி கரைந்து, நூல் வழவழவென்று துவண்டு, தக்கையைச் சுற்றி, முள்ளைச் சுற்றி, என் காலையும் சுற்றியது. அப்பா சிரித்து நான் பார்த்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. "கஞ்சி தண்ணிக்குச் சொந்தம்" என்றார். "ஆனா நூலு போகாது பாரு. பருத்தி நனைஞ்சா பலம்." அது உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பருத்தி ஈரத்தில் கூடுதல் பலம் பெறும் இழை.

அன்றைக்கே இன்னொன்றும் காட்டினார். அவருடைய தூண்டிலில் முழு நீளத்துக்கும் ஒரே தங்கூஸ் இல்லை. முள்ளுக்கு மேலே ஒரு சாண் மட்டும் மெல்லிய தங்கூஸ். அவர் அதை நுனி என்று சொல்வார். மீன் கண்ணுக்குத் தெரியாமலிருக்கத்தானே என்றேன். "அதுக்குமுந்தான். ஆனா அந்துதுன்னா அங்க அந்து போகோணும். மீனோட போறது கம்மியா இருக்கோணும்." நான் கவனிக்கவில்லை. பதினோரு வயதில் மீனோடு போவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்? வீட்டுக்கு வருவதைப் பற்றித்தான் யோசிப்பார்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இந்தப் பக்கம் என்றால் நம் பக்கம். கோவையில் டீக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேர். குளத்துக்கு அப்பா தனியாகப் போனார். கல்லூரி நூலகத்தில் பழைய வானம்பாடி இதழ்கள் கிடந்தன. 1971இல் இதே ஊரில் பிறந்த பத்திரிகை என்பதால் ஒரு சொந்தம். ஆனால் வாசிக்கும்போது கஞ்சி கைக்கு ஒட்டியது. எல்லாம் மேலேயே நிற்கிறது, தறியில் ஏற்றினால் கொட்டிவிடும் என்று நான் சொன்னேன். மாடியில் அதற்கு ஒரு வாரம் மதிப்பு இருந்தது. மற்ற முகாமைப் பற்றியும் சொன்னேன்: உள்ளே போய் உறைந்து குச்சியாகிவிட்ட கவிதைகள், தொட்டால் ஒடிகின்றன. இதற்கு மதிப்பு இல்லை, ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அந்த ரகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வாக்கியம் என்று நான் அங்கே சொல்லவில்லை. பதினைந்து வருஷம் அதை வைத்துக்கொண்டே மதிப்புரை எழுதினேன். அப்பா 1998இல் இறந்தார். என் மதிப்புரை ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஆகவே நார்தாம்ப்டன் குட்டைக்கரையில் கெட்டில் ஆவியில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கவிதையைப் பற்றிய என் கடைசிக் கட்டுரை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மொழி முழுக்க விறைப்பு. நுனியில் ஓர் அங்குலம் மட்டும் உரித்த இழை. எதை உரிக்கவேண்டும், எவ்வளவு என்பதில்தான் கவிஞன் இருக்கிறான். இப்படி. முதல் வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். ஆசிரியர் கேட்டபோது ஒப்புக்கொண்டதும் அந்த தைரியத்தில்தான்.

ஒப்புக்கொண்ட மறுமாதம், மகள் அனுப்பிய இரண்டு சுருளையும் ஒரு டப்பா முட்களையும் எடுத்துக்கொண்டு லிங்காபுரத்துக்குப் போனேன். சிறுமுகையில் தங்கை வீடு இருக்கிறது, மாப்பிள்ளை பட்டுத்தறி. அங்கிருந்து பவானிசாகர் அணையின் பின்தண்ணீர் பக்கம். அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. 105 அடி, 32.8 டி.எம்.சி. தண்ணீர் வடிகிற கோடையில் உள்ளே டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும் என்று பத்திரிகைகளில் படம் போடுவார்கள். லிங்காபுரத்துக்கும் அக்கரையில் காந்தவயலுக்கும் நடுவே பாலம் மூழ்கும் வருஷங்களில் பரிசலும் படகும்தான். கரையோரத்தில் முழுகிச் செத்த மரங்களின் அடிக்கட்டைகள் நிற்கும். பின்னால் காடு, சாயங்காலம் யானை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வந்தது நாய்கள்தான். மீன் பிடிக்கும் உரிமை வைத்திருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இரைக்கு ராகி மாவு, கடலைப் புண்ணாக்குத் தூள், முட்டை. பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தது. வீட்டில் உருட்டிக்கொண்டிருந்தபோது மனைவி பார்த்துவிட்டு, "ஏனுங்க, எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிக் கொழுக்கட்டை புடிச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்றாள். இல்லை.

நான் எதிர்பார்த்தது சாதாக் கெண்டை. இங்கிலாந்துக் கிழவர் பிடித்ததும் அதே ஜாதிதான். 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். இந்த அணைக்கு வரும் தண்ணீரும் நீலகிரித் தண்ணீர்தான். நம் பக்கத்தில் இப்போது பெரிதாக வளர்கிற கட்லாவும் ரோகுவும்கூட வடக்கேயிருந்து வந்தவை. காவிரிக்குச் சொந்தமான சேல் கெண்டையைப் பற்றிக் கேட்டால் பரிசல்காரர்கள் வயதானவர்களைக் கைகாட்டுகிறார்கள்.

இப்போது ஈயக்குண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கிழவர் எனக்கு இரண்டு பாடம் சொல்லித் தந்திருந்தார். ஒன்று அந்த ஓர் அங்குலம். இன்னொன்று, குண்டு நூலோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கக்கூடாது. எங்காவது மாட்டினாலோ மேலே நூல் அறுந்தாலோ குண்டு கழன்று விழுந்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு சிறு கொக்கியும் ரப்பர் குழாயும் வைத்திருக்கிறார்கள். ரப்பரை லேசாகத்தான் செருக வேண்டும், அழுத்திச் செருகினால் கழலாது என்று இரண்டு மூன்று தடவை செய்துகாட்டினார். அவர்கள் பிடிக்கிற மீனின் உதட்டுக் காயத்துக்கு மருந்து தடவி மறுபடி தண்ணீரில் விடுகிறவர்கள். அதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். குண்டுப் பாடத்தையும் அந்தச் சிரிப்பின் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். லிங்காபுரத்தில் கட்டைகள் நிறைந்த தண்ணீர். வீசும் ஒவ்வொரு தடவையும் குண்டு கழன்று விழுந்தால் கட்டுப்படியாகாது. அந்த மாதிரிக் குண்டு எனக்கு இங்கே கிடைப்பதில்லை. ஆகவே ரப்பரை முடிந்தமட்டும் அழுத்தி ஏற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பும் சுற்றினேன். இத்தனைக்கும் நுனிநூல் இருபத்தைந்து பவுண்டு தாங்கும். ராட்டையில் இருந்த தங்கூஸ் பதினைந்துகூடத் தாங்காது. அறுந்தால் எங்கே அறும் என்பது ஐந்தாவது படித்தவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் விடியும் நேரம் மீன் வந்தது. வந்ததைச் சொல்வதில் எனக்கு இப்போது உற்சாகம் இல்லை. கம்பு வளைந்தது, ராட்டை கத்தியது. இருபது நிமிஷம் இருக்கும். ஒரு முறை மேலே வந்து புரண்டது. பித்தளைக் குடத்தின் பக்கவாட்டுபோல மஞ்சளாகத் தெரிந்தது. ஏழு கிலோ இருக்கலாம். பிறகு கட்டைகளுக்குள் போனது. தங்கூஸ் எதிலோ உரசுவதைக் கையில் உணர்ந்தேன், பழைய நாற்காலியை இழுப்பதுபோல ஒரு கரகரப்பு. அப்புறம் கம்பு நிமிர்ந்துவிட்டது. சுற்றி எடுத்தேன். வந்த நூலின் முனை பிசிறிக்கிடந்தது. முள், நுனிநூல், குண்டு, அதற்கு மேலே பத்துப் பன்னிரண்டு மீட்டர் தங்கூஸ், எல்லாம் மீனோடு போயிருந்தன.

அன்று நான் வருத்தப்பட்டது மீன் போனதற்கு. அதைச் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் மாப்பிள்ளையிடம் அளவைக் கையால் காட்டினேன். ராத்திரி உட்கார்ந்து இன்னும் நான்கு நுனி கட்டினேன். தங்கை வீட்டில் கெட்டில் இல்லை. இட்லிப் பானையின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி ஆவி பிடித்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பரிசல்காரர் ஒருவர் கரைக்கு வந்தார். வலை எடுத்துவிட்டு வருகிறவர். பரிசலில் ஜிலேபி மீனுக்கு நடுவே அது தனியாகக் கிடந்தது. குண்டு ஒரு கட்டையின் கவையில் மாட்டியிருக்கிறது. மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து நூலைக் கட்டையில் சுற்றிவிட்டது. கடைசியில் ஒரு முழம்தான் மிஞ்சியிருக்கிறது அதற்கு. "செத்து எப்படியும் அரை நாளாச்சுங்க. வெலைக்கு ஆகாது" என்றார். பக்கத்தில் ஒரு இடத்தில் செதில் உரிந்து, சதை வெளுத்திருந்தது. கட்டையில் அடித்திருக்கும்.

அவர் முள்ளைக் கத்தியால் ஜாக்கிரதையாக எடுத்து வைத்திருந்தார், விலை உயர்ந்த சாமான் என்று தெரிந்து. "உங்களுதுங்களா?" என்று கையில் வைத்தார். நான் பார்த்தேன். கீழ் உதட்டின் நடுவில் ஏறியிருக்கிறது. கிழவர் சொன்ன இடம். ஏழு சுற்றும் ஒன்றுமேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இருந்தன. உரித்த அங்குலம் மெத்தென்று வளைந்தது. உறை முடிகிற இடம் சுத்தமான வட்டமாக, என் நகம் அழுத்திய இடத்தில் இருந்தது. அதற்கு மேலே நூல் நேராக, நான் ஆவியில் பிடித்தபடியே நேராக நின்றது. கொக்கியில் ரப்பரும் டேப்பும் அசையவில்லை. நான் கட்டியவற்றில் அதுதான் மிக நன்றாக அமைந்தது.

அவர் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "அந்தே போகாதாட்ட இருக்குதுங்களே. எவ்வளவுங்க?" சொன்னேன். சிரித்தார். மீனை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அதைக் கரையேற்றி நாய்களுக்குத் தள்ளி வைத்துவிட்டு, சந்தைக்கு நேரமாகிறதென்று போனார். நாய்கள் உடனே வரவில்லை. அது அங்கே கிடந்தவரை நான் கம்பை மடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம் எழுதிய காகிதம் அப்போது சட்டைப் பையில் இருந்தது. உரித்த அங்குலம், கவிஞன் இருக்கும் இடம் என்றெல்லாம். வீட்டுக்கு வந்து பலமுறை அதற்கு அடுத்த வாக்கியத்தை எழுத முயன்றேன். ஒவ்வொரு தடவையும் எழுத வந்தது கட்டையைச் சுற்றிய சுற்றுகளின் எண்ணிக்கைதான். சொல்லப்போனால் அந்த உவமையில் எந்தத் தவறும் இல்லை, இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. நுனி மிகச் சரியாக வேலை செய்தது.

போன மாதம் சோமனூருக்குப் போனேன். அப்பா வேலை பார்த்த சைசிங் இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம். இன்னொன்றில் நுழைந்து பாவுக் கழிவு ஒரு பிடி வேண்டும் என்று கேட்டேன். மேஸ்திரி இளைஞர். எதற்கு என்று கேட்டார். தூண்டிலுக்கு, குண்டு கட்ட என்றேன். "இது தண்ணியில நிக்காதுங்களே, இத்துப் போயிருமே" என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார், அவர்களுக்கும் தெரியவில்லை. ஓடுகிற பாவை நான் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கை வைக்கக்கூடாது, இப்போதெல்லாம் மீட்டரே ஈரம் சொல்லிவிடும் என்றார். வாடை அப்படியே இருந்தது.

கொல்லையில் ஒரு பக்கெட்டில் அணைத் தண்ணீர் கேனில் கொண்டுவந்து ஊற்றி, மூன்றிழை முறுக்கி ஒரு குண்டை அதில் தொங்கவிட்டிருக்கிறேன். எத்தனை நாளில் தானாக அறுந்து விழுகிறது என்று தெரிந்தால், குண்டுக்கு அந்த நூலைப் போடலாம். நூலுக்கு என்ன நேர்ந்தாலும் அவ்வளவு நாளுக்குமேல் ஒரு மீன் கட்டுண்டு கிடக்காது. முதல் நாளே கஞ்சி கரைந்து தண்ணீர் கலங்கிவிட்டது. தினம் காலையில் பல் தேய்க்கும்போது போய்ப் பார்க்கிறேன். மனைவி ஒன்றும் கேட்பதில்லை. ஒரு முழு நாள்கூட அதிகம் என்று தெரியும். ஓரிழையாகக் கட்டினால் வீசும்போதே அறுந்துவிடுகிறது, அதையும் பார்த்துவிட்டேன். இன்று ஒன்பதாவது நாள். நூல் கறுத்திருக்கிறது, பாசி பிடித்திருக்கிறது. குண்டு இன்னும் தொங்குகிறது.